கூரை மேல் ஏறிய டிஷ்: வாகன ஆன்டெனா பிறந்த கதை

மொட்டை மாடியில் டிடிஎச் டிஷ் மாட்ட வருபவர் செய்யும் வேலையை எல்லோரும் பார்த்திருப்போம். கம்பியை இறுக்கிய பிறகு தட்டை விரற்கடை அளவு நகர்த்துவார், கீழே டிவி முன்னால் நிற்பவரிடம் "வருதா?" என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். படம் தெளிந்ததும் நட்டை முறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். ஐப்பசிக் காற்றில் அந்தத் தட்டு சற்றே திரும்பிவிட்டால் போதும், அவரை மறுபடியும் கூப்பிட வேண்டியதுதான்.

இவ்வளவு நுணுக்கம் ஏன்? அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் தட்டு ஒன்று வானத்தில் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ மூன்று பாகை அகலம்தான். அதற்கு வெளியே போனால் பக்கத்துச் செயற்கைக்கோள், இல்லாவிட்டால் வெறும் வானம்.

அசையாத மாடியிலேயே இந்தப் பாடு. அதே தட்டைக் கொண்டுபோய் ஓடும் லாரியின் தலையில் வைத்தால்? ஒவ்வொரு வளைவிலும் திசை மாறும், ஒவ்வொரு வேகத்தடையிலும் சாய்வு மாறும். பாலத்துக்கு அடியில் வானமே மறைந்துவிடும். இந்தச் சிக்கலோடு பொறியாளர்கள் அறுபது ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அதன் பலனாக இன்று 30 சென்டிமீட்டர் நீளம், 26 சென்டிமீட்டர் அகலம், ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையில் ஒரு பலகை வந்திருக்கிறது. காரின் கூரையில் மாட்டலாம், கண்ணாடிக் கூரைக்கு உள்ளேயும் மாட்டலாம், போகும் வழியெல்லாம் இணையம் வரும்.

இது பணக்காரரின் உல்லாச வண்டிக்காகப் பிறந்ததென்று பலர் நினைக்கக்கூடும். ஆனால் இதை முதலில் தேடியவர்கள் நடுக்கடலில் இருந்த மாலுமிகள். அடுத்துத் தேடியவர்கள் நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களும் அவர்களை வேலை வாங்கிய கம்பெனிகளும். வேறு எந்த வழியிலும் செய்தி போய்ச் சேராத இடத்தில் வேலை செய்தவர்களின் தேவைதான் இதைப் பெற்றெடுத்தது.

தரையில் 1,100 டன், கப்பலில் ஒரு கூண்டு

வானொலி அலைகளை விண்ணிலிருந்து திருப்பி அனுப்பலாம் என்ற கருத்தைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரிட்டிஷ் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. பூமி சுழலும் அதே வேகத்தில் பூமியைச் சுற்றும் ஒரு நிலையம் நமக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கிளார்க், 2008இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

கிளார்க்கின் கருத்து உடனே கைகூடவில்லை. 1962 ஜூலையில் ஏவப்பட்ட டெல்ஸ்டார் தாழ்வான பாதையில் விரைந்தது. தொடுவானத்தில் எழுந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். அதைத் துரத்திப் பிடிக்க இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள கூன்ஹில்லியில் 26 மீட்டர் குறுக்களவு கொண்ட டிஷ் ஒன்றைக் கட்டினார்கள். அதன் எடை சுமார் 1,100 டன். வானத்தில் ஓடும் சிறு கோளத்தின் பின்னால் அந்த மாபெரும் இரும்புக் கிண்ணம் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும்.

அடுத்த ஆண்டு, 1963 ஜூலையில், சின்காம்-2 ஏவப்பட்டது. பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றிய முதல் செயற்கைக்கோள் அது. வாகன ஆன்டெனாவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. சின்காமோடு பேசுவதற்கு அமெரிக்கக் கடற்படை 'கிங்ஸ்போர்ட்' என்ற கப்பலைத் தயார் செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்குக் கப்பல் அது. அதன் மேல்தளத்தில் 30 அடி டிஷ் ஒன்று ஏறியது. கடற்காற்று அடிக்காமலிருக்க, காற்றடைத்த பெரிய உறையால் அதை மூடினார்கள். கப்பல் எப்படி ஆடினாலும் டிஷ் செயற்கைக்கோளை விட்டு விலகாதபடி சுழல்காட்டிகளை (ஜைரோஸ்கோப்) கொண்டு அதைச் சமன் செய்தார்கள்.

1963 ஆகஸ்ட் 23ஆம் தேதி அந்தக் கப்பல் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்தில் நின்றது. நைஜீரியப் பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவா கப்பலில் இருந்தபடி பேச, மறுமுனையில் வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடி இருந்தார். பூமியோடு ஒத்துச் சுற்றும் செயற்கைக்கோள் வழியாக இரு நாட்டுத் தலைவர்கள் பேசிய முதல் தொலைபேசி உரையாடல், ஒரு வாகனத்தின் மேல் பொருத்திய ஆன்டெனா வழியாகவே நடந்தது.

வணிகக் கப்பல்களுக்கு இந்த வசதி கிடைக்க இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1976இல் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு ஒவ்வொன்றாக மூன்று மாரிசாட் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. கடலில் உயிர்காப்புக்கென்று நாடுகள் சேர்ந்து உருவாக்கிய இன்மார்சாட் அமைப்பு 1979இல் பிறந்தது, 1982 பிப்ரவரியில் சேவையைத் தொடங்கியது. கப்பல்களின் கொடிமரத்துக்குப் பக்கத்தில் பெரிய முட்டை போன்ற வெள்ளைக் கூண்டுகள் தோன்றியது அந்தக் காலத்தில்தான். கூண்டுக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் டிஷ், அதைத் திருப்ப மோட்டார்கள், ஆட்டத்தை உணரும் சுழல்காட்டிகள். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் டிஷ் அதே அளவு வலப்பக்கம் சாயும்.

பின்னால் வந்த இன்மார்சாட்-சி வேறு வழியில் போனது. எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி காது கொடுக்கும் சின்ன ஆன்டெனா அது. குறிபார்க்க வேண்டியதில்லை, மோட்டாரும் வேண்டாம். அதற்குக் கொடுத்த விலை வேகம். நொடிக்கு 600 பிட், அதாவது எழுத்துச் செய்தி மட்டும். மீன்பிடிக் கப்பலும் லாரியும் கூட அதைச் சுமக்க முடிந்தது. திசையைக் குறிபார்த்தால் வேகம் கிடைக்கும், பார்க்காவிட்டால் எளிமை கிடைக்கும். நெடுங்காலம் வாகன ஆன்டெனா செய்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

லாரியின் தலையில் ஒரு வெள்ளைக் கூம்பு

தரையில் முதல் பெரிய வெற்றி அமெரிக்க லாரிகளுக்குக் கிடைத்தது. 1980களில் அங்கே ஒரு லாரி சரக்கேற்றிக்கொண்டு கிளம்பினால், ஓட்டுநர் வழியில் லாரிகள் நிற்கும் இடத்தில் இறங்கி, காசு போடும் தொலைபேசியில் கம்பெனியைக் கூப்பிடும்வரை அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. போனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் பக்கத்து ஊரில் அவருக்காகக் காத்திருந்த சரக்கு வேறு வண்டிக்குப் போய்விடும். வெறும் வண்டியோடு நூற்றுக்கணக்கான மைல் திரும்ப வேண்டியிருக்கும்.

1985 ஜூலையில் இர்வின் ஜேக்கப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி உள்ளிட்ட ஏழு பேர் சான் டியேகோவில் குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1988இல் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த ஆம்னிட்ராக்ஸ்தான் லாரிக்காரர்களின் தலைவலிக்கு மருந்தானது. ஓட்டுநர் அறையின் கூரையில் கவிழ்த்துவைத்த பாத்திரம் போன்ற சின்ன வெள்ளை மூடி. அதற்குள் ஒரு சிறு கொம்பு ஆன்டெனா. லாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு செயற்கைக்கோள் இருக்கும் திசையைப் பார்க்கும். மேலும் கீழும் அதன் பார்வை அகலமாக இருந்ததால் சாய்வைப் பற்றிக் கவலையில்லை. உள்ளே ஓட்டுநருக்கு ஒரு விசைப்பலகையும் சில வரிகள் காட்டும் திரையும் இருந்தன.

அந்த அளவு சிறிய ஆன்டெனாவின் பார்வை அகலம். அது அனுப்பும் அலை ஒரு செயற்கைக்கோளுக்கு மட்டும் போகாது, அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மேலும் படும். அந்த அலைவரிசையோ நிலையான தரை நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. நகரும் வண்டிகள் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் யாருக்கும் தொல்லை தரக்கூடாது. குவால்காம்காரர்கள் செய்தியைக் குறியீடுகளால் பரப்பி, மற்றவர்களுக்கு மெல்லிய இரைச்சலாகக்கூடத் தெரியாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்து அனுப்பினார்கள். பெறும் நிலையம் அதே குறியீட்டைக் கொண்டு செய்தியைத் திரட்டிக்கொள்ளும். வேகம் மிகக் குறைவுதான். ஆனால் "சரக்கை இறக்கிவிட்டேன்" என்று சொல்ல அது போதும்.

முதல் பெரிய வாடிக்கையாளர் விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பே நகரின் ஷ்னைடர் நேஷனல். ஆரஞ்சு நிற லாரிகளுக்குப் பெயர் பெற்ற அந்தக் கம்பெனி தன் ஆயிரக்கணக்கான வண்டிகளில் இதைப் பொருத்தியது. வெறும் வண்டியாக ஓடும் தூரம் குறைந்தது. ஓட்டுநர்கள் போன் வரிசையிலிருந்து விடுபட்டார்கள்.

இதில் வந்த வருமானத்தைக் குவால்காம் கைபேசி ஆராய்ச்சியில் போட்டது. குறியீட்டால் பரப்பி அனுப்பும் அதே முறையைத் தரைக் கோபுரங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1993இல் அது அமெரிக்காவில் கைபேசித் தரமாக ஏற்கப்பட்டது. அதன் பெயர் சிடிஎம்ஏ. 2003இல் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கிடைத்து நம் ஊர்க் கடைத்தெருவரை வந்த ரிலையன்ஸ் கைபேசி அந்தத் தொழில்நுட்பத்தில் இயங்கியதுதான். நம் வீடுகளில் நுழைந்த முதல் கைபேசிகளில் பலவற்றுக்குத் தாத்தா, அமெரிக்க லாரியின் கூரையில் சுழன்ற அந்தச் சின்னக் கொம்பு.

நின்றால்தான் பேசும் வண்டிகள்

எழுத்துச் செய்திக்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் அந்த நாளில் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். தேர்தல் முடிவு நாளில் வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே, தலையில் டிஷ்ஷை விரித்துக்கொண்டு நிற்கும் ஓபி வேன்களைப் பார்த்திருக்கிறோம். இந்த வகை வண்டிகள் பரவ வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துத் தொலைக்காட்சி அதிபர் ஸ்டான்லி ஹப்பர்ட். 1984இல் அவர் தொடங்கிய கோனஸ் நிறுவனம், சிறு டிஷ் போதுமான கேயூ அலைவரிசையில் செய்தி வேன்களை ஓடவிட்டது. உள்ளூர் நிலையங்களும் சம்பவ இடத்திலிருந்து நேரலை கொடுக்க முடிந்தது. வேன் வந்து நிற்கும், ஆடாமலிருக்கக் கால்களை ஊன்றும், டிஷ் எழும்பும், பிறகுதான் ஒளிபரப்பு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே வித்தை வீட்டு வண்டிகளுக்கு வந்தது. அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் பலர், படுக்கையும் சமையலறையும் கொண்ட பேருந்து அளவு வண்டிகளில் ஊர் ஊராகப் போய் வாழ்கிறார்கள். சால்ட் லேக் சிட்டியின் மோட்டோசாட் நிறுவனம் அவர்களுக்காக டேட்டாஸ்டார்ம் என்ற தானியங்கி டிஷ்ஷைச் செய்தது. கூரையில் படுத்திருக்கும் தட்டு, பொத்தானை அழுத்தியதும் எழுந்து, ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தை அறிந்து, வானத்தைத் தேடிச் சில நிமிடங்களில் செயற்கைக்கோளைப் பிடிக்கும். கிளம்பும் முன் மறக்காமல் மடக்கிவைக்க வேண்டும். மரநிழலில் வண்டியை நிறுத்தினால் குளிர்ச்சி கிடைக்கும், இணையம் கிடைக்காது. வெயிலில் நிறுத்தினால் மாறி நடக்கும்.

உயரம் தந்த தொல்லையும் இருந்தது. நீங்கள் ஒரு சுட்டியைத் தட்டினால், அந்தக் கோரிக்கை 35,786 கிலோமீட்டர் ஏறி, அதே தூரம் இறங்கி, பதிலும் அப்படியே ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறக்குறைய அரை நொடி ஆகும். மின்னஞ்சலுக்கு அது பொருட்டில்லை. முகம் பார்த்துப் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த அரை நொடி குறுக்கே வந்து நிற்கும்.

ஓடும்போதும் வேலை செய்ய வேண்டும் என்ற முயற்சிகள் நிற்கவில்லை. ரோட் ஐலண்டின் கேவிஎச் நிறுவனம் 2003இல் காரின் கூரையோடு ஒட்டிய தட்டையான ஆன்டெனாவை விற்கத் தொடங்கியது. ஓடும் காரில் பின்னிருக்கைப் பிள்ளைகள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பார்க்கலாம். 2004 மே மாதம் லுஃப்தான்சா விமானத்தில் போயிங்கின் கனெக்ஷன் இணையச் சேவை தொடங்கியது. வேலை செய்தது, ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் 2006 முடிவில் மூடப்பட்டது. 2008இல் பாரிஸையும் பிரஸ்ஸல்ஸையும் இணைத்த தாலிஸ் ரயில்களின் கூரையில் டிஷ் ஏறியது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சி பெறுவதோடு சரி. ஆன்டெனா திசை தவறினால் படம் போகும், நட்டம் உங்களுக்கு மட்டும்தான். இணையமோ அனுப்பவும் வேண்டும். திசை தவறி அனுப்பினால் பக்கத்துச் செயற்கைக்கோளை நம்பியிருக்கும் வேறு யாரோ ஒருவரின் இணைப்பு கெடும். அதனால்தான் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் கப்பல் டிஷ்களுக்கு விதித்த கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இருந்தது. குறி 0.2 பாகைக்குள் இருக்க வேண்டும். அரை பாகை விலகினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். 2009இல் தரை வாகனங்களுக்கும் இதேபோன்ற விதிகள் வந்தன. இயந்திரத்தால் திருப்பும் டிஷ்ஷுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நிறைவேற்றப் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ராணுவமும் பெரிய நிறுவனங்களும் வாங்கின. சாதாரணக் குடும்பத்தால் நெருங்க முடியவில்லை.

அசையாமல் திரும்பும் ஆன்டெனா

முடிச்சு எதிர்பாராத பக்கத்திலிருந்து அவிழ்ந்தது. செயற்கைக்கோளை மறுபடியும் ஓடவிட்டார்கள்.

தாழ்வான பாதையில் நிறைய செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டால் தாமதம் குறையும் என்பது பழைய யோசனைதான். 1990களில் பில் கேட்ஸ் பணம் போட்ட டெலிடெசிக் திட்டம் 840 செயற்கைக்கோள்களைக் கனவு கண்டு, 2002இல் கைவிடப்பட்டது. அத்தனையையும் ஏவும் செலவு அன்று யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதி திரும்பி வந்து தரையிறங்கிய பிறகு கணக்கு மாறியது. 2019 மே மாதம் அதே நிறுவனத்தின் இணைய வலையான ஸ்டார்லிங்க்கின் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் போயின. உயரம் சுமார் 550 கிலோமீட்டர்.

அந்த உயரத்தில் செயற்கைக்கோள் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். தலைக்கு மேல் தெரிவது சில நிமிடங்கள்தான். அது மறைவதற்குள் அடுத்ததற்குத் தாவ வேண்டும். டெல்ஸ்டாரைத் துரத்திய கூன்ஹில்லியின் வேலையை இனி ஒவ்வொரு வீட்டுக் கூரையும் செய்ய வேண்டும். மோட்டாரை நம்பி அதைச் செய்ய முடியாது.

அதற்கான விடை ஏற்கெனவே போர்க்கப்பல் ரேடார்களில் இருந்தது. ஒரே பெரிய தட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஆன்டெனாக்களை ஒரு பலகையில் வரிசையாகப் பதிப்பார்கள். குளத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லைப் போட்டால் அலை நேராகப் போகும். இடக்கோடியிலிருந்து தொடங்கி ஒருவர்பின் ஒருவராகப் போட்டால் அலை சாய்ந்து போகும். யாரும் இடம் மாறவில்லை, நேரத்தை மாற்றியே அலையின் திசையை மாற்றிவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஆன்டெனாக்களுக்கு அப்படித் தனித்தனியாக நேரம் பிரித்துக் கொடுத்தால், பலகை அசையாமலே கற்றை வானத்தில் எந்தப் பக்கமும் திரும்பும், கண்ணிமைப்பதற்குள் திரும்பும்.

ராணுவம் கோடிகளைக் கொட்டி வாங்கிய பொருள் இது. வீட்டுக்கு விற்பதென்றால் விலை இறங்க வேண்டும். ஸ்டார்லிங்க் ஆன்டெனா ஒன்றைச் செய்ய முதலில் 3,000 டாலர் ஆனதாக ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் க்வின் ஷாட்வெல் 2021இல் சொன்னார். அதை அவர்கள் 499 டாலருக்கு விற்றார்கள். நட்டத்தைத் தாங்கிக்கொண்டு, லட்சக்கணக்கில் செய்து செலவைக் குறைத்தார்கள்.

வாகனத்துக்கான வழியும் இதனோடு திறந்தது. மணிக்கு 27,000 கிலோமீட்டரில் ஓடும் ஒன்றை விடாமல் பிடிக்கத் தெரிந்த பலகைக்கு, மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு பொருட்டே இல்லை. வளைவிலும் குலுக்கலிலும் திசை மாறுவதை மட்டும் உணர்ந்து கற்றையைச் சரிசெய்தால் போதும். வீட்டுக்காகச் செய்தது, செய்த விதத்தாலேயே வண்டிக்கும் தகுதியானதாகிவிட்டது.

மக்கள் இதை நிறுவனத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 2020 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்து மால்டன் என்ற சிற்றூர் காட்டுத்தீயில் எரிந்துபோனபோது, மீட்புப் பணியாளர்கள் இந்தத் தட்டைக் கொண்டுபோய் வைத்து இணைப்பை உண்டாக்கினார்கள். 2021 மே மாதம் கலிபோர்னியாவில் ஒருவர் வீட்டு டிஷ்ஷைத் தன் டொயோட்டா பிரியஸ் காரின் பானட்டில் திருகிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனார். சாலையை மறைக்கிறது என்று காவல்துறை அபராதம் விதித்தது. 2022 மே மாதம் வீட்டு வண்டிகளுக்கான தனித் திட்டம் வந்தது. ஜூன் 30 அன்று ஓடும் வாகனத்தில் பயன்படுத்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டே, கூரையில் போல்ட் போட்டு இறுக்கும் பெரிய தட்டைப் பலகை 2,500 டாலருக்கு வந்தது. 2024 ஜூனில், தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிறு பலகை, 'மினி' என்ற பெயரில் வந்தது. வைஃபை உள்ளேயே இருக்கும். 12 வோல்ட் மின்சாரமே போதும், சாதாரணமாக 25 முதல் 40 வாட் தான் எடுக்கும்.

கூரைக்கு மேலா, கண்ணாடிக்குக் கீழா

இன்று வண்டி வைத்திருப்பவர்களின் கேள்வி, எங்கே மாட்டுவது என்பதுதான். இரும்புக் கூரையென்றால் காந்தம் பிடிக்கும். ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய உடல் வண்டிகளில் காந்தம் நிற்காது. கூரைக் கம்பிகள் இருந்தால் கிளாம்ப் போடலாம். துளை போட்டால் உறுதி, ஆனால் மழைநீர் கசியாதபடி அடைக்க வேண்டும். சற்றே சாய்த்துவைத்தால் நீர் வடியும். காற்று தூக்கிவிடாதபடி முன்விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் பெட்டி, ஏணி எதுவும் வானத்தை மறைக்கக்கூடாது.

உள்ளே மாட்டுபவர்கள் கண்ணாடிக் கூரையின் அடியில் உறிஞ்சு பிடிப்பான்களைக் கொண்டு ஒட்டுகிறார்கள். திருட்டு பயம் இல்லை, காற்று இல்லை, துளையும் இல்லை. சாதாரணக் கண்ணாடி அலையை ஓரளவு விட்டுவிடும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி விடாது. நம் ஊரில் ஃபாஸ்டேக் ஒட்டுவதிலும் இதே விஷயம் உண்டு. அப்படிப்பட்ட பூச்சுள்ள முன்கண்ணாடிகளில் பூச்சில்லாத ஒரு சிறு பகுதியைத் தயாரிப்பாளர்கள் விட்டுவைக்கிறார்கள், பட்டையை அங்கேதான் ஒட்ட வேண்டும். அடுத்த சிக்கல் வெப்பம். மினி தாங்கும் வரம்பு 50 டிகிரி செல்சியஸ். வெயிலில் மூடி நிறுத்திய கார் அதை எளிதாகத் தாண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திடீரென்று பிரேக் போட்டால் ஒரு கிலோப் பலகை பறந்து வந்து தலையில் மோதக்கூடாது. ஏர்பேக் விரியும் வழியிலும் அது இருக்கக்கூடாது. இணையம் இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். சரியாக இறுக்காத பலகையோடு கிளம்பக்கூடாது.

நம் சாலையில் யாருக்கு முதலில்?

இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் தொடங்கியது. இந்தியாவில் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது, அடுத்த மாதம் விண்வெளி ஒழுங்கு அமைப்பான இன்-ஸ்பேஸின் ஒப்புதலும் கிடைத்தது. செயற்கைக்கோள் கருவிகளில் நம் அரசு கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அனுமதியில்லாத செயற்கைக்கோள் போனோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டிலிருந்து ஒரு பலகையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து காரில் மாட்டிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

வாகனத்தோடு விண்ணைப் பேசவைக்கும் வேலை நமக்குப் புதிதும் இல்லை. இஸ்ரோவின் உதவியோடு ஆயிரக்கணக்கான ரயில் இன்ஜின்களில் பொருத்திய கருவிகள் செயற்கைக்கோள் வழியாகத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. "வண்டி எங்கே வருகிறது" என்று நாம் போனில் பார்க்கும் விவரத்துக்கு அவையும் ஒரு மூலம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகில் இருந்த சாதாரண வானொலிக் கருவியின் எல்லைக்கு வெகு தூரம் அப்பால் அவர்கள் இருந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2024 ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய இருவழிச் செய்திக் கருவியைப் பொருத்தும் திட்டத்தைச் சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய அரசு தொடங்கியது. அதில் வருவது திரைப்படம் அல்ல, உள்ளூர் மொழியில் சில வரி எச்சரிக்கை. ஒக்கி நாளில் அந்தச் சில வரிகள் கிடைத்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்!

அதனால்தான் ஒன்றை அழுத்திக் கேட்கிறேன். வாகனங்களில் செயற்கைக்கோள் இணையத்துக்கு இந்தியாவில் விதிகள் எழுதும்போது, சொகுசுக் கார்களை வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள். சிக்னல் அறுந்துபோகும் மலைப்பாதையில் நோயாளியோடு இறங்கும் 108 ஆம்புலன்ஸ் முதலில் பெறட்டும். அதிலிருந்து போகும் இதயத் துடிப்பு வரைபடத்தைக் கீழே மருத்துவமனை பார்த்துக்கொண்டே தயாராகட்டும். புயலில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்த ஊருக்குள் முதலில் நுழையும் மீட்பு லாரியின் கூரையில் அது இருக்கட்டும். கடலில் இருபது நாள் தங்கும் விசைப்படகுக்கு மானிய விலையில் கிடைக்கட்டும். மாலுமிக்கும் லாரி ஓட்டுநருக்கும் என்று பிறந்த பொருளை நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்களுக்கே முதலில் கொடுப்பதுதான் நியாயம்.